நாலாம் சீர்

கொழும்பிலிருந்து வந்த தந்தியை மேசையில் போட்டுவிட்டு
ஆசிரியர் சாப்பிடப் போய்விட்டார்.
முப்பது வருஷம் பூட்டிவைத்த ஒரு கடதாசியை
துருக்கிச் சுல்தான் வெளியே எடுத்திருக்கிறாராம்.
இனிச் சபை, பிரதிநிதிகள், வாக்கு.
அரசர் அரசராகவே இருப்பார்,
ஆனால் ஒரு கோட்டுக்கு உள்ளே.

அந்தக் கோட்டுக்குத் தமிழில் பெயர் வேண்டும்,
ஐந்து மணிக்குள்.

சட்டப் பிரமாணம் என்று எழுதி வெட்டினேன்.
கட்டுப்பாடு என்று எழுதினேன்,
கோயில் வழக்கு வாசம் அடித்தது.
பிறகு அடி வாங்கிப் படித்த ஒரு சொல்
தானாக வந்து குந்தியது:
யாப்பு.
அதில் சீர் உண்டு, அடி உண்டு, தளை உண்டு.
தளை என்றால் விலங்கென்றும் பொருள்.
சுல்தானுக்குத் தமிழ் தெரியாதது நல்லது.

செய்திக்குக் கீழே இரண்டு விரல் இடம் மிஞ்சிற்று.
"எதையாவது தா" என்றார் அச்சுக்கோக்கும் எதிர்மன்னசிங்கம்.
நல்லூரில் முடி சூடியவர்கள் வைத்திருந்த பெயர்.
இவருக்குக் கிழமைக்கு மூன்று ரூபாய்,
அதிலும் பாதி கடன்.
நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்:

மன்னன் மொழிந்த வரம்புக்குள் மன்னனே
நின்று பழகும் நெறி.

விரல் மடக்கிப் பார்த்தார்.
"தளை தட்டேல்லை."
ஓம், ஓரிடத்திலும் தட்டவில்லை.
அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சோனகத் தெருவிலிருந்து
குஞ்சத் தொப்பி விற்கும் அசன்நெய்னா வந்தார்,
கையில் எங்கள் பத்திரிகை, நாலாய் மடித்து.
"குத்பாவில சுல்தான்ட பேரைச் சொல்லித்தான் துஆக் கேக்கிறது.
இனி அந்தப் பிரதிநிதிமாரையும் சேக்கிறதோ?
எத்தனை நூறு பேரோ,
சொல்லி முடிய அசர் வந்திடும்."
சிரித்தார்.
பிறகு சிரிக்காமல்,
"குடுத்த கையே திருப்பி எடுத்தா?
முந்தியும் எடுத்ததுதானே."

ஈற்றடி மூன்று சீரில் முடிய வேண்டும்.
நாலாவது இருக்கக்கூடிய இடத்தில்
வெறும் வெள்ளை.
அவர் விரல் அந்த வெள்ளையில் கிடந்தது.

உள்ளே ஈயம் உரசும் சத்தம் நின்றது.
"எங்கட ராசாவுக்கும் இலண்டனில யாப்பு இருக்காமே.
அதுக்குள்ள நாங்கள் எந்த அசை?"
எதிர்மன்னசிங்கத்தின் குரல்.
எங்கள் ராசா காசில் இருந்தார், பக்கம் பார்த்தபடி.
ஏசண்டர் துரை கச்சேரியில் இருந்தார்,
நேரே பார்த்தபடி.
நான் புகையிலை விலையைத் திருத்தத் தொடங்கினேன்.

மறு சித்திரை, வருஷப் பிறப்புக்கு இரண்டு கிழமை கழித்து,
இன்னொரு தந்தி.
சுல்தானை இறக்கிவிட்டார்கள்.
இரவோடிரவாய் ரயிலேற்றி வேறு ஊருக்கு.
தம்பி சிங்காசனத்தில்.
யாப்பு அப்படியே இருக்கிறதாம்.

எதிர்மன்னசிங்கம் ஒரு சின்னக் கட்டைக் கொண்டுவந்தார்.
அந்தக் குறளை அவர் கலைக்கவில்லை,
நூல் சுற்றி, தூசி படிய, ஒன்பது மாதம்.
"திருப்பிப் போடுவமே?
ஒரு எழுத்தும் மாத்தத் தேவையில்லை."

ஏலத்து விளம்பரத்துக்கு ன் போதவில்லை.
அவிழுங்கோ என்றேன்.
நூலின் நுனியை அவர் தேடிய நேரம்
கொஞ்சம் கூடுதலாகப் பட்டது.
பிறகு மன்னன் முதலில் போனான்,
மகரம் மகர அறைக்கு,
னகரம் ஏலத்துக்கு.

அசன்நெய்னா சந்தாக் காசு கட்ட வந்தார்.
ஒரு தொப்பியைப் புரட்டி உட்புறம் காட்டினார்,
துருக்கி இல்லை, ஒஸ்திரியாவில் தைத்தது.
"இவ்வளவு நாளும் இதைத்தான் வித்தனான்" என்றார்.
வெளியே போனவர் வாசலில் நின்று திரும்பி,
"இண்டைக்குப் புதுப் பேரில
லெப்பை தடக்கிப்போட்டார்.
பள்ளி முழுக்க ஒரு மூச்சுக்குச் சத்தமில்லை.
பிறகு அவர் சொன்னார்."